ஸ்டார்ட் பண்ணும்போது காலை எடுங்க

போன சனிக்கிழமை காலை பதினொரு மணி. உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நட்டநடு ரோட்டில் என் கார் நின்றுபோனது.

நான் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது. சிக்னலைப் பார்த்து பிரேக்கை மிதித்தேன், கிளட்ச்சை மிதித்தேன்... ஒரு குலுக்கல், ஒரு முனகல், பிறகு அமைதி. பின்னால் ஒரு பொள்ளாச்சி பஸ். அந்த டிரைவர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

மறுபடி ஸ்டார்ட் செய்தேன். வண்டி கிளம்பியது. நூறடி தள்ளி அடுத்த நெரிசலில் பிரேக்கில் கால் வைத்தேன் – மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை அணைந்தபோது அந்த பஸ் எனக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"யக்கா! கிளட்ச்ச மெதுவா உடுக்கா. முடியலீன்னா ஊட்டுல யாராச்சும் ஆம்பளையக் கூப்புட்டு எடுக்கச் சொல்லுக்கா!"

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நின்றுகொண்டு வந்தவர்கள்கூடக் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள்.

எனக்கு வந்த கோபம் இதை எழுதுகிற இன்று வரை இறங்கவில்லை. ஆகவே இந்த வாரம் பத்தி கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கோபம் அந்தக் கண்டக்டர் மேல் இல்லை. அவர் பார்த்தது அணைந்து அணைந்து நிற்கிற ஒரு கார், உள்ளே ஒரு பெண். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். கோபம், எல்லாம் தெரிந்தும் செய்த ஒரு மனிதர் மேல்.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் காரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: பத்து வயதான ஹேட்ச்பேக். செகண்ட் ஹேண்ட். வெள்ளையாக இருந்து இப்போது வெள்ளை மாதிரி இருக்கிறது. எங்கள் குடும்பத்தின் முதல் கார் அது. முதல் டிகிரியும் என்னுடையதுதான். இரண்டையும் நானேதான் வாங்கினேன்.

அப்பா காங்கேயம் பக்கத்தில் ஓர் எண்ணெய் மில்லில் தேங்காய் உடைக்கிறார். அதற்கு முன்னால் தோட்டத்துக் கூலி. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் தோட்டத்துக் கூலிதான். அம்மா என்னோடு கோவையில் இருக்கிறாள். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறேன். மோட்டார் சத்தம் கேட்டே வளர்ந்தவள் என்று கதைவிட மாட்டேன். காலேஜில்தான் கேட்டேன். கேட்டதும் பிடித்துவிட்டது.

நகரத்துக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்கில் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாதாரணக் கார்களுக்கும் ஓர் ஓட்டம் வைப்பார்கள். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிற அதே கார்கள்தான். ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்வார்கள். காலேஜ் நாட்களில் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். பிறகு இரண்டு வருடம் உள்ளே கொடி காட்டுகிற வாலண்டியராக நின்றேன். இந்தத் தடவை பெயர் கொடுத்தேன். பட்டியலில் பதினெட்டுப் பெயர்கள். அதில் ஒரே ஒரு பெண் பெயர்.

ஓட்டத்துக்காகக் காரில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். நல்ல ஏர் ஃபில்டர் ஒன்று. கொஞ்சம் பெரிய த்ராட்டில் பாடி ஒன்று. த்ராட்டில் பாடி என்றால் பயப்பட வேண்டாம். எஞ்சின் மூச்சு இழுக்கிற வாசல், அவ்வளவுதான். நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த வாசல் திறக்கும். நான் வாசலைப் பெரிதாக்கினேன். சைலன்சரில் கை வைக்கவில்லை. தெருவையே எழுப்பி உட்காரவைக்கிற சத்தம் சட்டத்துக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்தக் காலத்துக் காரில் எஞ்சினை நடத்துவது ஒரு சின்ன கம்ப்யூட்டர். இத்தனை காற்று வந்தால் இத்தனை பெட்ரோல் என்று ஒரு கணக்கை அது ஞாபகத்தில் வைத்திருக்கும். வாசலை மாற்றினால் பழைய கணக்கு உதவாது. அழித்துவிட்டுப் புதிதாகப் படிக்கவைக்க வேண்டும்.

என் காரில் அதற்கு வழி ரொம்ப எளிது. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி அரை மணி நேரம் விட வேண்டும். பழைய ஞாபகம் போய்விடும். பிறகு வயரை மாட்டி, சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்ய வேண்டும் – ஆக்சிலரேட்டரில் கால் படவே கூடாது. ஏசி, விளக்கு, ஹார்ன் எதுவும் கூடாது. பதினைந்து நிமிடம் அது பாட்டுக்கு ஓட வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் அது அரிச்சுவடி படிக்கிறது. 'யாரும் மிதிக்காதபோது வாசல் இவ்வளவு' என்பதுதான் – ஐடில் என்பார்கள் – அதன் முதல் பாடம். அந்தப் பாடத்தில் தப்பு வந்தால் அதற்கு மேல் போடுகிற கணக்கெல்லாம் தப்பு.

(எல்லாக் காருக்கும் இதே முறை இல்லை. புதிய கார்களுக்கு ஸ்கேனர் மாட்டித்தான் செய்ய வேண்டும். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு யாரும் ஸ்பேனரும் கையுமாக இறங்க வேண்டாம்!)

'அதை நீயே செய்திருக்கலாமே?' என்று கேட்பீர்கள். செய்திருப்பேன். ஆனால் மாற்றங்களைப் பொருத்தியது ஒரு ஒர்க்‌ஷாப் என்று முத்திரையோடு கடிதம் வேண்டும் என்பது ஓட்டத்தின் விதி. பாதுகாப்புக்கான விதி, நல்ல விதிதான். அப்படித்தான் நாச்சிமுத்து அண்ணனிடம் போய்ச் சேர்ந்தேன்.

நாச்சிமுத்து அண்ணன் என்று எல்லாரும் கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பது தாண்டியவர். அந்த ஏரியாவில் பெயர் போன ஒர்க்‌ஷாப். 'அவர் கை பட்டாப் போதுங்க, வண்டி பறக்கும்' என்பார்கள். வியாழக்கிழமை காலை வண்டியை விட்டேன். புது த்ராட்டில் பாடியை டப்பாவோடு கையில் கொடுத்தேன்.

அவர் டப்பாவை வாங்கினார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்.

"கூட யாரும் வல்லீங்களா அம்மணி?"

"நான்தாங்ணா வந்திருக்கேன். என்ற வண்டிதான்."

"செரிங்க, செரிங்க."

சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? பைக்குக்கு ஆயில் மாற்ற வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு மீசைக்காரரிடம் திரும்பினார். என் காரைப் பற்றி அவரிடம் விளக்க ஆரம்பித்தார்! "இதப் பாருங்க, இது பெருசு. காத்து நெறைய வரும். பிக்கப் எகிறும். ஆனா மைலேஜ் கொஞ்சம் அடிவாங்குமுங்க."

மீசைக்காரர் நல்ல மனிதர். மிரண்டுவிட்டார். "ஏனுங்க, இதையெல்லாம் எதுக்குங்க என்றகிட்டச் சொல்றீங்க? நான் ஆயில் மாத்த வந்தவனுங்க."

பத்து நிமிடம் கழித்து அண்ணனுக்கு என்னோடு பேச நேரம் கிடைத்தது. எந்த ஊர் என்றார். சொன்னேன். ஊருக்குள்ளேயா, தள்ளியா என்றார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கேள்விக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அது முகவரி விசாரிக்கிற கேள்வி இல்லை, சாதி விசாரிக்கிற கேள்வி. தள்ளித்தான் என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். தோட்டத்துக் கூலி, இப்போது மில்லில் தேங்காய் உடைக்கிறார் என்றேன்.

"ஓ..." என்றார்.

அந்த 'ஓ' எவ்வளவு நீளம் என்று அளந்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன், ஹாஸ்டலில் கேட்டிருக்கிறேன், வாடகைக்கு வீடு தேடிய தெருக்களில் எல்லாம் கேட்டிருக்கிறேன். எல்லா 'ஓ'வும் ஒரே நீளம்தான்.

சரி, காரியம் ஆக வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் ரீசெட் செய்கிற முறையை எழுதினேன். தமிழில், பெரிய எழுத்தில், ஆறு வரி. ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டரில் கால் வைக்கக் கூடாது என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு. தாளை ஸ்டீயரிங்கில் டேப் போட்டு ஒட்டினேன். வாயாலும் சொன்னேன்.

"எல்லாம் தெரியுமுங்க அம்மணி. நீங்க பொறக்கறக்கு முன்னாடி இருந்து வண்டி பாக்கறேன்," என்றார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மேஜை மேல் பேப்பர் மடித்துக் கிடந்தது. தலைப்புச் செய்தியைக் கட்டைக் குரலில் மீசைக்காரருக்குப் படித்துக் காட்டியதே அவர்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியை எடுக்கப் போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டோவில் இருந்து இறங்கும்போதே தெரிந்தது. என் காரின் நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம். பானெட் மேல் தேங்காய் மூடியில் கற்பூரம் எரிகிறது. பட்டப்பகலில் ஹெட்லைட் போட்டிருக்கிறது. அண்ணன் டிரைவர் சீட்டில்.

பாம்... பாம்... பாம். ஹார்ன் மூன்று தடவை.

பூசை போட்டுத்தான் முதல் ஸ்டார்ட் எடுப்பார்கள், எனக்குப் புரிந்துவிட்டது. பேட்டரி வயரை அப்போதுதான் மாட்டியிருக்கிறார். அதன் முதல் ஸ்டார்ட் இதுதான். "அண்ணா! கால்! காலை எடுங்ணா!" என்று கத்திக்கொண்டே ரோட்டைக் குறுக்கே தாண்டினேன். ஒரு டெம்போக்காரர் என்னைத் திட்டினார்.

அண்ணன் ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதித்தார். மிதித்த காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினார். வண்டியை ஓரடி நகர்த்தினார், எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பிறகு எஞ்சினை மூன்று தடவை உறுமவிட்டார். முகத்தில் அப்படி ஓர் ஆனந்தம்!

கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. அந்தக் கால வண்டிகளுக்கு இரண்டு மிதி மிதித்தால்தான் பெட்ரோல் ஏறும். அந்தக் காலுக்கு அது இன்னும் ஞாபகம். ஆனால் என் காரின் கம்ப்யூட்டருக்கு அன்று ஞாபகம் என்று எதுவுமே கிடையாது. அப்போதுதான் கண் விழிக்கிறது. விழித்ததும் அதற்குக் கிடைத்த முதல் பாடம் – மிதித்து வைத்திருப்பதுதான் மிதிக்காத நிலை, ஹெட்லைட் எரிந்துகொண்டே இருப்பதுதான் இயல்பு, வாழ்க்கை என்பது உறுமுவது.

"அண்ணா, அந்தத் தாள்ல எழுதியிருந்தேனே..."

"பூசை போட்டாச்சுங்க. இனி ஒரு கொறையும் வராது."

"மறுபடியும் வயரைக் கழட்டி, அரை மணி நேரம் விட்டு, கால் வைக்காம எடுக்கோணுங்ணா. நான் காத்திருக்கறேன்."

அவர் முகம் மாறியது. "என்ன பேச்சு இது? பூசை போட்டுக் கெளப்புன வண்டிய மறுக்கா அணைச்சு வயரப் புடுங்கறதா? என்ற ஒர்க்‌ஷாப்புல அது நடக்காது. அபசகுனம்." அந்த வாக்கியத்தில் ஒரு 'ங்க'கூட இல்லை.

அவர் கடிதத்தை முத்திரை குத்தி நீட்டினார். கூடவே ஒரு சின்னப் பொட்டலம். "குங்குமம். வண்டில வெச்சுக்க."

பொட்டலத்தைப் பார்த்தேன். என் கையெழுத்து தெரிந்தது. இரண்டு கோடு போட்ட வரி சரியாக மடிப்பில் இருந்தது.

நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண். குங்குமத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டேன். எலுமிச்சம்பழத்தின் மேலும் வருத்தமில்லை. அரை மணி நேரம் கழித்து, பதினைந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுப் பிறகு பூசை போட்டிருந்தால் நானே கற்பூரம் வாங்கிக் கொடுத்திருப்பேன். என் வருத்தமெல்லாம் அந்தக் காகிதம். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் கை எழுதியது அது. அதற்குப் பொட்டலம் மடிக்கிற வேலை கொடுத்துவிட்டார்.

நானும் ஒரு தப்பு செய்தேன். அங்கேயே பானெட்டைத் திறந்து நானே வயரைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். உக்கடம். பொள்ளாச்சி பஸ். கண்டக்டர்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு அண்ணனுக்கு போன் போட்டேன். சிக்னல்களில் அணைகிறது என்றேன்.

"வண்டில ஒண்ணுமில்ல அம்மணி. நான் எல்லாம் பாத்துட்டுத்தான் குடுத்தேன். புது பார்ட்டு, கொஞ்சம் வேகமாத்தான் இருக்கும். ஓட்டற கை பழகோணும்."

"கையில்லைங்ணா, ஐடில் செட் ஆகலை. ஸ்டார்ட் பண்ணும்போது நீங்க..."

"ஒண்ணு பண்ணு. நாளைக்கு உன்ற அண்ணனோ தம்பியோ இருந்தா ஓட்டச் சொல்லு. எதுக்கு ரிஸ்க்கு?"

எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. போனை வைத்த ஐந்தாவது நிமிடம் இன்னொரு போன். ஓட்டத்தை நடத்துகிற குழுவில் இருந்து ஜெகன் என்று ஒருவர். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், நாச்சிமுத்து அண்ணன் இப்பக் கூப்பிட்டாருங்க. வண்டி ஓகேவாம். டிரைவருக்குத்தான் பழக்கம் பத்தலைன்னாரு. டிராக்ல நடுவுல நின்னுட்டா பின்னால வர்றவங்களுக்கு ஆபத்துங்களே... உங்க பேரை எடுத்தரலாமுங்களா?"

என் காரை ஒருவர் கெடுத்தார். கெடுத்ததை என் கை மேல் போட்டார். அதோடு விடாமல், போன் போட்டு என் பெயரையும் எடுக்கச் சொல்கிறார். இதற்கெல்லாம் அவருக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

"எடுக்காதீங்க," என்றேன். "நாலு மணி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றேன்."

"வாங்க மேடம். ஆனா அங்க வண்டி ஒருதரம் அணைஞ்சாலும் எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

அப்போது மணி பதினொன்றரை.

எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்தாலே அசோசியேஷன் செகரட்டரி மேலிருந்து எட்டிப்பார்ப்பார். ஆகவே அங்கே போகவில்லை. சனிக்கிழமைகளில் அம்மா சர்ச்சில் பூ அலங்காரத்துக்குப் போவாள். சர்ச் காம்பவுண்டுக்குள் ஒரு வேப்பமரம் இருக்கிறது. நிழல், அமைதி, கேட்கிறதற்கு ஆளில்லை. வழியில் இரண்டு தடவை அணைந்தாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்.

டிக்கியில் எப்போதும் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் வைத்திருப்பேன். சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினேன். பிறகு கற்படியில் உட்கார்ந்தேன். இப்போது அழுகை வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

அம்மா கையில் சம்பங்கிப் பூவும் நாருமாக வந்தாள்.

"என்ன கண்ணு, காரு வயித்தத் தொறந்து போட்டுட்டு இப்புடி உக்காந்திருக்கற?"

நடந்ததைச் சொன்னேன். குங்குமப் பொட்டலத்தைக் காட்டினேன். அம்மா அதைப் பிரித்தாள். குங்குமத்தைப் பூ சுற்றி வந்த வாழை இலைத் துண்டில் பத்திரமாகக் கொட்டி மடித்து வைத்தாள். தாளை முந்தானையில் தட்டி நீவினாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல என்ன எழுதியிருக்குது? படி."

படித்தேன்.

"மறுக்காப் படி."

மறுபடி படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு விரலை மடித்துக்கொண்டாள். ஆறு வரி, ஆறு விரல். அரை மணி நேரம் ஆனதும் வயரை மாட்டினேன். டேஷ்போர்டில் கடிகாரம் ஒரு மணியில் வந்து நின்று கண் சிமிட்டியது. காருக்கு இப்போது ஒன்றுமே தெரியாது, நேரம்கூட.

இரண்டு கால்களையும் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். எஞ்சின் தடுமாறியது. எகிறியது. இறங்கியது. அணைந்துவிடும் போல இருந்தது... அணையவில்லை. நான் மூச்சு விடவில்லை.

அம்மா பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பகல் பன்னிரண்டரை மணி வெயில். ஐந்து நிமிடத்தில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஏங் கண்ணு, அந்த ஏசியக் கொஞ்சம் போட்டா என்ன?"

"கூடாதும்மா. எதையும் தொடக்கூடாது. அது படிக்குது."

"அது படிக்கறதுக்கு நான் வேகோணுமா?" என்றாள். பிறகு அவளே சிரித்தாள். "நீ பத்தாவது பரிச்சைக்குப் படிக்கறப்பவும் இப்புடித்தான். டிவி போடல, மிக்சி ஓட்டல. உங்கப்பா இருமுறதுக்குக்கூட வெளிய போவாரு. அதே மாதிரின்னு சொல்லு."

அதே மாதிரிதான் அம்மா.

அந்த நேரம் பார்த்து பங்குச் சாமியார், எங்கள் சர்ச் ஃபாதர், வந்தார். இளவயதுக்காரர், கார் பைத்தியம். திறந்த பானெட்டைப் பார்த்தால் அவரால் தாண்டிப் போக முடியாது. "என்னம்மா, ரிப்பேரா? ஹார்ன் வேலை செய்யுதா பாப்போம்..." என்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

அம்மா அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். "சாமி, தொடாதீங்க. உள்ள பரிச்சை நடக்குது!"

சாமியார் திகைத்துப்போய்க் கையை எடுத்தார். பிறகு மீதி ஏழு நிமிடமும் அவரும் மரத்தடியில் நின்று காவல் காத்தார். கம்ப்யூட்டருக்காக ஜெபம் செய்தாரா என்று நான் கேட்கவில்லை.

பத்தாவது நிமிடத்தில் எஞ்சின் சத்தம் மெல்லச் சமமானது. பதினைந்தாவது நிமிடத்தில் அதில் ஏற்ற இறக்கமே இல்லை. பிறகு ஏசி போட்டு இன்னொரு பத்து நிமிடம் – அதையும் அது படிக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பாடம்தான் ரொம்பப் பிடித்தது. பிறகு வெளியே எடுத்து நெரிசலிலும் காலியான ரோட்டிலுமாக ஒரு மணி நேரம் ஓட்டினேன். உக்கடம் சிக்னலுக்கு வேண்டுமென்றே மூன்று தடவை போனேன். அணையவில்லை. பொள்ளாச்சி பஸ் ஒன்றைக்கூடக் காணோம். தேவைப்படும்போது அவர்கள் வர மாட்டார்கள்.

நாலு மணிக்கு டிராக்கில் கார்கள் வரிசையாக நின்றன. நாச்சிமுத்து அண்ணனும் அங்கே இருந்தார். வரிசையில் நின்றதில் நான்கைந்து கார்கள் அவர் கை பட்டவை. என்னைப் பார்த்ததும் ஜெகனைப் பார்த்தார்.

ஃபாரத்தில் கையெழுத்துப் போட நான் மேஜைக்குப் போனேன். சாவி காரிலேயே இருந்தது. கூட வந்த அம்மா இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்‌ஷன் செய்கிறவர், "வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார். நான் திரும்புவதற்குள் அண்ணன் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம வேலைங்க இது. நானே எடுத்துக் காட்டறனுங்க."

நான் ஓடி வந்தேன். எனக்கு முன்னால் அம்மாவின் குரல் வந்தது. வயல் கடைசியில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரல். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஏனுங்க! காலை எடுங்க!"

அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார். "எங்கிருந்துங்கம்மா?"

"அந்தக் கடைசியில இருக்குதே, வலப்பக்கத்து மிதிகட்டை, அதுல இருந்துங்க. ஸ்டார்ட் பண்ணறப்ப அதுல காலு படப்படாது. எழுதியிருக்குது." மடியில் இருந்து தாளை எடுத்து நீட்டினாள். மடிப்பெல்லாம் சிவப்பு. "நான் படிக்காதவளுங்க. பாப்பா படிச்சுச் சொன்னதக் கேட்டுக்கிட்டேன். நீங்க படிச்சவருதானுங்களே? படிச்சுப் பாருங்க."

ஒரு 'ங்க'கூடக் குறைக்கவில்லை என் அம்மா.

யாரோ சிரித்தார்கள். அண்ணன் தாளை வாங்கவில்லை. ஆனால் காலை எடுத்தார். எடுத்துவிட்டு, இரண்டு முழங்காலும் ஸ்டீயரிங்கில் இடிக்கிற மாதிரி மடக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் ஓடியது. இன்ஸ்பெக்‌ஷன்காரர் தன் டீ கிளாஸை அப்படியே எஞ்சின் மேல் வைத்தார். ஒரு நிமிடம் குனிந்து பார்த்தார். டீயில் ஒரு சின்ன வளையம் நடுங்கியது, அவ்வளவுதான். "அருமையா இருக்குதுங்க," என்று எடுத்துக் குடித்தார்.

"எல்லாம் காலைல போட்ட பூசைங்க," என்றார் அண்ணன், காரிலிருந்து இறங்கிக்கொண்டே.

அப்போது நான் பேசினேன். காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் வந்தது. "காலைல நீங்க பண்ணினதை நான் அழிச்சுட்டேங்ணா. வயரைக் கழட்டி, முழுசா அழிச்சுட்டேன். இது ரெண்டாவது தடவை படிச்சது. சொல்லிக் குடுத்தது நான். காவலுக்கு இருந்தது எங்கம்மா. வண்டி ஓகே, டிரைவருக்குத்தான் பழக்கம் பத்தலைன்னு ஜெகனுக்கு போன் பண்ணினீங்களே... இப்ப, இவங்க முன்னாடி, அதே போனை இன்னொரு தரம் பண்ணுங்க."

அண்ணன் போன் செய்யவில்லை. ஜெகன் அங்கேயே நான்கடி தள்ளித்தான் நின்றார். பட்டியலில் என் பெயருக்கு நேரே டிக் அடித்தார்.

தெரியாததில் தப்பில்லை. காலேஜுக்குப் போகிறவரை எனக்கு கார்புரேட்டரும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. தெரியாததை மறைக்க இன்னொருத்தியின் கையைக் குறை சொல்வதுதான் தப்பு. அதிலும் யார் கையைக் குறை சொன்னால் எல்லாரும் உடனே நம்புவார்கள் என்று தெரிந்து சொல்வது... அதற்கு எனக்கு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. கெட்ட வார்த்தைகள் கிடைக்கின்றன, ஆசிரியர் போட மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எத்தனையாவது வந்தேன் என்று கேட்பீர்கள். பதினொன்றாவது. பதினெட்டுப் பேரில். ஒரு தடவைகூட அணையவில்லை. எனக்குப் பின்னால் ஏழு பேர், ஏழு பேரும் ஆண்கள். அவர்களில் யாரையும், வீட்டில் இருக்கிற அக்காவையோ தங்கையையோ கூப்பிட்டு ஓட்டச் சொல்லும்படி யாரும் சொல்லவில்லை.

அந்தத் தாளை அம்மா தன் பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். இரண்டையுமே நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

காருக்கு அரை மணி நேரம் போதும், பழசை மறந்துவிடும். சில மனிதர்களுக்குத்தான் அந்த மைனஸ் வயர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஸ்பேனர் என்னிடம் தயாராகவே இருக்கிறது.